கடைக்கு மேலே கட்டாத துணி

ஓசூர்
9-6-1956

ஜோதிக்கு,

கங்கப்பன் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். நம் தெருவில் இப்போது அந்த வார்த்தைக்கு வாய் வரவில்லை. நீ போய் ஏழு நாள் ஆகிறது. மத்தூர் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அண்ணன் எல்லப்பன் ஒரு கார்டு போட்டிருந்தார். நீ ஒரு வரி போடவில்லை.

நீ செய்தது உனக்கே நன்றாக இருக்கிறதா? சானிடரி இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி டிரங்குப் பெட்டியோடு நடுத்தெருவில் நின்று, "சீல் வெச்ச கைய முதல்ல கழுவுங்க" என்று புருஷனைப் பார்த்துக் கத்துகிறாள். மண்டித் தெருவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. இப்போது நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

லால் பாஷாவின் டீக்கடைக்கு நான் சீல் வைத்தேன். ஐந்தாம் நாள் அவர் மகள் அதியா செத்துப் போனாள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு நீ பேசுகிறாய். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது சீல் வைப்பதற்குப் பத்து நாள் முன்பு. டைபாய்டு. இரண்டு மாதத்தில் நம் தெருவில் நாலாவது சாவு. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

மறுபடி ஒரு தரம் சொல்கிறேன், பொறுமையாகப் படி. மேலே அரச மரத்திலிருந்து கீழே ஏரி வரைக்கும் தெருவுக்கு ஒரே சாக்கடை. நாற்பது வீட்டுக் குளியல் தண்ணீரும் கொல்லைக் கழிவும் அதில்தான் ஓடுகிறது. உங்களில் யார் வயிற்றில் கிருமி என்று வீடு வீடாகக் கேட்டால் விளக்குமாறுதான் வரும். அதற்குத்தான் ஜில்லா சுகாதார அதிகாரி இந்தப் புது வழியைச் சொல்லிக்கொடுத்தார். காயத்துக்குக் கட்டுகிற காஜ் துணியை மடித்துக் கம்பியில் கட்டி, இரண்டு நாள் சாக்கடையில் தொங்கவிட வேண்டும். தண்ணீரில் என்ன ஓடுகிறதோ அது துணியில் தங்கும். அதை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினால், டைபாய்டு கிருமி வளர்கிறதா இல்லையா என்று பத்து நாளில் எழுதிவிடுவார்கள். ஏரி முனையில் கட்டினேன், வளர்ந்தது. லால் பாஷா கடைக்குக் கீழே கட்டினேன், வளர்ந்தது. ஊருக்கே டீ ஊற்றுகிற கடை, உள்ளே காய்ச்சலோடு ஒரு பிள்ளை. இன்னும் என்ன வேண்டும்?

"கடைக்கு மேல ஏன் கட்டல?" என்று கேட்டாய். மேலே இருப்பது பதினோரு வீடு. தாசில் குமாஸ்தா வீடு, வாத்தியார் வீடு, நம் வீடு. அங்கே எதற்கு என்று விட்டுவிட்டேன். நீ கேட்டதற்காக இல்லை, ஜில்லா அதிகாரியும் அதையே கேட்டு எழுதியதால், ஆறாம் தேதி ஐந்து இடத்தில் கட்டினேன். கடைக்கு மேலே இரண்டு. பாட்டில்கள் நேற்றுப் போய்விட்டன.

கோபம் ஆறினால் வா. நான் ஓட்டலில் சாப்பிடுகிறேன். நம் அடுப்பில் பூனை படுத்திருக்கிறது.

கங்கப்பன்


மத்தூர்
15-6-1956

உங்களுக்கு ஜோதி எழுதிக்கொண்டது.

பூனை படுத்திருக்கிறதாம், பூனை! படுக்கட்டும், அதற்காவது அந்த வீட்டில் நிம்மதி இருக்கிறதே.

கீழே கட்டின துணிக்கு மேலே இருக்கிற பதினோரு வீட்டுத் தண்ணீரும் வருமா வராதா? எட்டாங்கிளாஸ் படித்த எனக்கு இது தெரிகிறது, சர்க்கார் பரீட்சை எழுதின உங்களுக்குத் தெரியாமல் போகுமா? வாத்தியார் வீட்டு வாசலில் துணி கட்டினால் வாத்தியார் சண்டைக்கு வருவார். லால் பாஷா வரமாட்டார். "சார் சொன்னா சரியா இருக்கும்" என்று சாவியை அவரே எடுத்து உங்கள் கையில் கொடுத்தாரே, அந்த முகத்தைப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன்.

அந்தத் தெருவின் சாவெல்லாம் எனக்குத்தான் தெரியும். நீங்கள் ரிஜிஸ்தரில் எழுதினீர்கள், நான் சோறு கொண்டுபோனேன். மாசியில் சென்னப்பனின் அம்மா வயசாகிச் செத்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதே, மூன்று நாளும் ரசம் சோறும் தயிர்ச் சோறும் நான்தான் பிசைந்து எடுத்துப்போனேன். பிறகு அதே வீட்டு மருமகள் மாதம்மாள் காய்ச்சலில் போனாள். அப்போதும் நான்தான். பக்கத்து வீட்டு வெங்கடப்பன், அவர் தங்கை நாராயணம்மா, எல்லா வீட்டுக்கும் நான்தான். மற்ற பெண்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கென்ன பயம்? கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இதே காய்ச்சலில் இருபத்தொரு நாள் கிடந்து, தலைமுடியெல்லாம் கொட்டி, பிழைத்து எழுந்தவள். ஒரு தரம் வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அதியாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நம் அடுப்படிக்கு வந்து, "ஜோதிம்மா, இன்னிக்கு இன்னா இருக்குது?" என்று கேட்கிற பிள்ளை. நீங்கள் சீல் வைத்த பிறகு தெருவே அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு நான் போனேன். கடைசியாக அவள் வாயில் இறங்கினது என் கைக் கஞ்சி. தாஹிரா என் மடியில் விழுந்து அழுதாள். அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள், ஊர் அவளைப் பிள்ளையைக் கொன்றவள் என்கிறது. அதற்குக் காரணம் உங்கள் கையெழுத்து.

நீங்கள் லால் பாஷா வீட்டுப் படி ஏறி, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் பஸ் ஏறுகிறேன். அதுவரைக்கும் இங்கேதான். அண்ணி சாந்தம்மாவுக்கு ஏழு மாதம், குனிய முடியவில்லை. அடுப்படி இப்போது என் கையில். களியை நான் உருட்டிப் போட்டால்தான் அண்ணனுக்கு இறங்குகிறது.

ஜோதி


ஓசூர்
20-6-1956

ஜோதிக்கு,

முடிவு வந்துவிட்டது. உன்னிடம் காட்ட வேண்டும் என்று காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஐந்து துணியும் சுத்தம். கடைக்கு மேலே சுத்தம், கீழே சுத்தம், ஏரி முனையிலும் சுத்தம். ஒன்றிலும் கிருமி வளரவில்லை. புதிதாக ஒருவருக்கும் காய்ச்சலும் இல்லை. கடை திறந்திருந்தது, கிருமி இருந்தது. கடையை மூடினேன், கிருமி போய்விட்டது. யார் சொன்னது சரி?

ஜில்லா அதிகாரி பாராட்டி எழுதியிருக்கிறார். இந்தத் தெருவைப் பற்றி ஒரு அறிக்கை அனுப்பச் சொல்கிறார். எழுத ஆரம்பித்துவிட்டேன். லால் பாஷா வீட்டுப் படி ஏறுவதற்கு இனி என்ன இருக்கிறது? அந்த மனிதர் மேல் எனக்கு வஞ்சம் கிடையாது. சாக்கடை சொன்னதை நான் எழுதினேன்.

நீ சொன்ன வார்த்தைகளை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணிக்குப் பிரசவம் ஆன பிறகாவது வா.

கங்கப்பன்


மத்தூர்
27-6-1956

உங்களுக்கு ஜோதி எழுதிக்கொண்டது.

பாராட்டு வந்ததா? மாலையும் போடச் சொல்லுங்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். கடைக்குத்தானே பூட்டு? லால் பாஷாவும் தாஹிராவும் கடைக்குப் பின்னால் அதே வீட்டில்தானே இருக்கிறார்கள்? அதே கொல்லையில் குளித்து, அதே சாக்கடையில்தானே தண்ணீர் விடுகிறார்கள்? கிருமி அவர்கள் வயிற்றில் இருந்தால் பூட்டுக்குப் பயந்து அது ஓடிவிடுமா? தண்ணீர் சுத்தம் என்றால் அவர்கள் சுத்தம் என்றுதானே அர்த்தம்? ஐயோ, இதை ஒரு பெண்பிள்ளை மத்தூரிலிருந்து எழுதியா உங்களுக்குப் புரிய வேண்டும்!

முன்பு இருந்தது, இப்போது இல்லை. அப்படியானால் நடுவில் அந்தத் தெருவை விட்டுப் போனவர் யாரோ, அவரைப் போய்ப் பிடியுங்கள். அதை விட்டுவிட்டு அறிக்கை எழுதுகிறாராம் அறிக்கை.

இன்னும் நிறையத் திட்டத்தான் நினைத்தேன். இங்கே அண்ணனுக்கு நாலு நாளாக உடம்பு சுடுகிறது. ஏற்றம் இறைக்கும்போது மழையில் நனைந்ததுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தலை இடிக்கிறதாம், களி வேண்டாம் என்கிறது. அண்ணி பயந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கிட்டே விடாமல் நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நான்தான் ஊட்டுகிறேன்.

ஜோதி


ஓசூர்
29-6-1956

ஜோதி,

கடிதம் இப்போதுதான் வந்தது. இதை ஆபீஸ் பியூன் கையில் கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன்.

எல்லப்பன் மச்சானை உடனே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல். நாளைக்கு என்று தள்ளாதே. டைபாய்டு என்று சந்தேகம், சானிடரி இன்ஸ்பெக்டர் சொன்னார் என்று சொல்லச் சொல். அதற்கு இப்போது மாத்திரை வந்திருக்கிறது.

நீ அடுப்படியை விட்டு வெளியே வா. சமைக்காதே, பிசையாதே, ஊட்டாதே, தண்ணீர்ப் பானையைத் தொடாதே. அண்ணியைத் தொடவே தொடாதே. வேறு யாராவது சமைக்கட்டும். காரணம் இப்போது கேட்காதே.

பியூனிடம் இரண்டு காஜ் துணியும் கம்பியும் இரண்டு பாட்டிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் குளியல் தண்ணீர் போகிற இடத்தில் இரண்டு நாள் கட்டிவைத்து, எடுத்துப் பாட்டிலில் போட்டு என் பெயருக்கு அனுப்பு. அந்த ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கத்தான். வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இருக்கக் கூடாது.

கங்கப்பன்


மத்தூர்
6-7-1956

உங்களுக்கு ஜோதி எழுதிக்கொண்டது.

ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கத்தான் என்று எழுதினீர்கள். உங்களுக்குப் பொய் எழுத வராது.

"போனவர் யாரோ" என்று நான் எழுதின கடிதத்துக்கு நகல் இல்லை, ஆனாலும் அந்த வரி அப்படியே நினைவிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி, "இன்னா ஆச்சு, ஏன் இப்டி உக்காந்துட்ட?" என்று கேட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். "வராத, வராத" என்று கத்தினேன். அவள் மிரண்டுபோய் அழுதாள்.

அண்ணனை அன்றைக்கே சித்தப்பா வண்டி கட்டிக் கொண்டுபோய்விட்டார். டாக்டர் மாத்திரை கொடுக்கிறாராம். கொஞ்சம் பிந்திவிட்டது என்றாராம்.

துணியை நீங்கள் சொன்னபடி கட்டவில்லை. பழைய வாய்க்காலில் எல்லோர் தண்ணீரும் கலந்து ஓடுகிறது. அதில் கட்டினால் எந்தப் பதில் வந்தாலும் அது வீட்டுப் பதில், என் பதில் ஆகாது. ஒரு தரம் அப்படிக் கட்டித்தானே லால் பாஷா கடைக்குப் பூட்டு விழுந்தது? அதனால் நானே மண்வெட்டி எடுத்துக் கொல்லையில் இரண்டு புது வாய்க்கால் வெட்டினேன். ஒன்றில் வீட்டிலிருக்கிறவர்கள் தண்ணீர். இன்னொன்று மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், நான் ஒருத்தி குளித்துக் கழுவுகிற தண்ணீர் மட்டும். மூன்று நாள் அப்படிப் பிரித்து ஓடவிட்டு, பிறகுதான் துணி கட்டினேன். முதல் பாட்டிலில் "வீடு" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் என் பெயர். சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்போது கொட்டகையில்தான் இருக்கிறேன். என் தட்டு, என் சொம்பு, என் பாய் எல்லாம் தனி. என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்க்காமல் நான் எப்போதாவது சோற்றில் கை வைத்திருக்கிறேனா? நீங்களே சொல்லுங்கள்.

மாதம்மாள் வீட்டுக்கு மூன்று நாள். வெங்கடப்பன் வீட்டுக்கு மூன்று நாள். எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

சாமி, அந்தப் பாட்டில் சுத்தமாக வரட்டும்.

ஜோதி


ஓசூர்
21-7-1956

ஜோதிக்கு,

மச்சானின் சாவுக்கு வந்தபோது உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பார்த்தேன். பிணம் எடுத்த வீட்டில் எல்லோரும் கூடி அழ, நீ கொட்டகை வாசலில் தனியாக நின்று அழுதாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். நீ அந்தக் கூடையை எப்படிப் பார்த்தாய் என்பதையும் பார்த்தேன். இருபத்தொன்பது வயது அண்ணனை அனுப்பிவிட்டு நிற்கிறவளிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காகிதம் அப்போதே என் பையில் இருந்தது.

"வீடு" என்று எழுதிய பாட்டில் சுத்தம். உன் பெயர் எழுதியதில் வளர்ந்திருக்கிறது.

உன் மேல் தப்பில்லை, ஜோதி. காய்ச்சல் போன பிறகும் சிலருக்குக் கிருமி பித்தப்பையில் தங்கிவிடுமாம். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. மலத்தோடு விட்டு விட்டு வெளியே வரும். எவ்வளவு கழுவினாலும் சில நேரம் நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும். சூடான சோற்றில் சாகும், ஆறின சோற்றைக் கையால் பிசைந்தால் பிழைக்கும். ஓசூருக்கு முன்னால் பேரிகை ஊரில் இருந்தபோது நமக்கு இரண்டு பக்கத்து வீட்டிலும் காய்ச்சல் வந்ததே, அந்த ரிஜிஸ்தரை வரவழைத்துப் பார்த்தேன். மூன்று பேர். நான் கையெழுத்துப் போட்ட பக்கம்தான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வீட்டுச் சோற்றைத்தான் நானும் தினமும் தின்றேன். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று டாக்டரைக் கேட்டேன், தடுப்பூசி போட்ட உடம்பு என்றார்.

சென்னையில் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள். பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கிருமி நின்றுவிடுகிறதாம். ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். ஏற்பாடு செய்துவிட்டேன்.

இன்னொன்று. இதைக் கிழித்துப்போடு. பாட்டில்களை நான் அனுப்பும்போது உன் எழுத்தை அழித்துவிட்டு நம்பர் மட்டும் போட்டேன். அந்த நம்பர் யார் என்று எனக்கும் உனக்கும்தான் தெரியும். அறிக்கை போய்விட்டது. அதில் லால் பாஷா கடை என்றுதான் இருக்கிறது. நீ ஆபரேஷன் முடித்துக் குணமாகி வந்துவிட்டால், யாருக்கு என்ன தெரியப்போகிறது? தெரிந்தால் உன்னை உயிரோடு விடுவார்களா? அண்ணி உன்னை அந்த வாசலில் நிற்க விடுவாளா? கடைக்காரருக்கு வேறு ஊரில் இடம் பார்த்துக் கொடுக்கச் சொல்லலாம். நான் கோழைதான். எனக்கு நீ வேண்டும்.

கங்கப்பன்


சென்னை
4-8-1956

உங்களுக்கு ஜோதி எழுதிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். சித்தப்பா கூட இருக்கிறார். ஒன்பதாம் தேதி ஆபரேஷன்.

உங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். மத்தூரிலிருந்து நேராக இங்கே வரவில்லை. முதலில் ஓசூர் வந்தோம். நீங்கள் பாகலூர்ச் சந்தைக்குப் போயிருந்த நாள். நம் வீட்டைத் திறக்கவில்லை. லால் பாஷா வீட்டு வாசலில் தள்ளி நின்று தாஹிராவைக் கூப்பிட்டேன். "உள்ள வாங்க ஜோதிம்மா" என்று ஓடிவந்து கையைப் பிடிக்கப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கடை இல்லை, நான்தான் என்றேன். அதியாவுக்கு என் அடுப்படியில்தான் வந்தது என்றேன். லால் பாஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிப்பார், அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தாஹிரா நீட்டின கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "உங்க கஞ்சிதான் நல்லா இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். அடித்திருந்தால் தேவலை.

அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எழுதமாட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

நீங்கள் கோழை என்று எழுதியிருந்தீர்கள். எனக்காகத்தான் என்று தெரியும். படித்தபோது உங்கள் மேல் வந்த பாசத்தை என்ன சொல்வது, பாழாய்ப்போன பாசம். ஆனால் என்னை மறைக்க அவர்கள் தலையில் போடாதீர்கள். ரிஜிஸ்தரில் என் பெயரை எழுதுங்கள். கங்கப்பன் மனைவி ஜோதியம்மாள் என்று முழுசாக எழுதுங்கள். அறிக்கையைத் திருப்பி எழுதுங்கள். பூட்டை நீங்களே உடைக்க வேண்டும், பியூனை அனுப்பக் கூடாது.

நான் திரும்பி வராமல் போனால் ஒன்று செய்யுங்கள். நம் வீட்டுக்கு யாரும் சோறு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும், அன்றைக்கே நீங்கள் அடுப்பை மூட்டி, நீங்களே பொங்கிச் சாப்பிடுங்கள். பூனையை எழுப்பிவிடுங்கள்.

ஜோதி


ஓசூர்
7-8-1956

ஜோதிக்கு,

கவர் வாங்காமல் வேண்டுமென்றேதான் கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், சொல்கிறவர்களிடம் சொல்லட்டும். மண்டித் தெரு டைபாய்டுக்குக் காரணமான கிருமி இருந்தது கங்கப்பன் மனைவி ஜோதியம்மாளிடம், அது அவளுக்கே தெரியாது. கடைக்கு மேலே துணி கட்டாமல் விட்டது நான். ரிஜிஸ்தரிலும் அறிக்கையிலும் இப்படியே எழுதிவிட்டேன். என்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். நம் வீட்டுக்குப் பால்காரி வருவதில்லை. வாசலில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். கழுவிவிட்டேன்.

இன்று காலை பூட்டை நானே உடைத்தேன். தெருவில் எல்லோரும் நின்றார்கள், ஒருவரும் கடைக்குள் வரவில்லை. நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தேன். லால் பாஷா ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்தேன். அப்போது உள்ளேயிருந்து தாஹிரா கேட்டாள்: "ஆஸ்பத்திரியில அவங்களுக்கு யாரு கஞ்சி குடுக்கறது?"

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன்.

கங்கப்பன்